நடுவில் ம

சன்னல் கண்ணாடியில் மழை. ஒரு துளி மேலிருந்து இறங்குகிறது. பாதி வழியில் நிற்கிறது. பக்கத்துத் துளி வந்து தொட்டதும் இரண்டும் ஒன்றாகி, சட்டென்று ஓடுகின்றன.

தனித்துளி அவ்வளவு எளிதில் நகராது. எடை போதாது. கண்ணாடி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று சேர்ந்தால்தான் பிடி விடும்.

எழுத்தும் அப்படித்தான் என்று வயலட்டுக்குத் தோன்றும்.

நாகர்கோவிலில் மழைக்கு இரண்டு பருவம். ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஆனி மழையில் அவள் கணவர் தேவசகாயத்தின் பேச்சு போயிற்று.

இது ஐப்பசி மழை. பேச்சு இன்னும் வரவில்லை.

வயலட் என்ன வேலை செய்கிறாள் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கடைசிப் பக்கத்தின் மூலையில், ஒரு சக்கரம் வரும். நடுவில் ஒரு வட்டம். சுற்றிலும் ஆறு வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு எழுத்து. அந்த ஏழு எழுத்துகளைக் கொண்டு எத்தனை சொல் செய்ய முடியும்? அதுதான் புதிர்.

நடுவில் நிற்கும் எழுத்து எல்லாச் சொல்லிலும் வர வேண்டும். மற்றவற்றை எந்த வரிசையிலும் எடுக்கலாம். இடமிருந்து, வலமிருந்து, குறுக்கே. சக்கரத்தில் திசை கிடையாது.

பார்ப்பவர்கள், எழுத்துகளைச் சேர்த்துச் சக்கரம் செய்கிறாள் என்று நினைப்பார்கள். இல்லை. அவள் உடைக்கிறாள். ஒரு நீண்ட சொல்லைப் பிடிப்பாள். அதை எழுத்தெழுத்தாகப் பிரிப்பாள். பிரித்ததைச் சுற்றி வைப்பாள். சேர்ப்பது வாசகர் வேலை.

பாலைவனம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பா, லை, வ, ன, ம். ஐந்து எழுத்து. ஏழு வேண்டுமே. அதனால் க, த இரண்டையும் சேர்ப்பாள். ம் என்பதை நடுவில் நிறுத்துவாள்.

இப்போது பாருங்கள். அந்தப் பாலைவனத்துக்குள் ஒரு வனம் இருக்கிறது. ஒரு பானம் இருக்கிறது. கவனம் இருக்கிறது. தவம் இருக்கிறது. பாவமும் இருக்கிறது. தலையும் கலையும் கூட உண்டு, ஆனால் அவற்றில் ம் இல்லை. கணக்கில் சேராது.

மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மாதிரி. அந்த நேரத்தில் வயலட்டின் முகம் விளக்கேற்றியது போல இருக்கும்.

தமிழில் இது சுலபமில்லை. எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளினால் பெரும்பாலும் குப்பைதான் வரும். மெய்யெழுத்து சொல்லின் தொடக்கத்தில் நிற்காது. சில எழுத்துகள் யாரோடும் ஒட்டாது. மூலையிலேயே உட்கார்ந்திருக்கும்.

சில எழுத்துகள் எல்லோரோடும் பழகும். ம அப்படி ஒரு எழுத்து. வயலட் கலெக்டர் அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய இயந்திரத்தில் முதலில் மங்கிப்போன விசை ம.

எந்த எழுத்து எதோடு சேரும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். மூளை பிறகுதான் தெரிந்துகொள்ளும்.

தேவசகாயம் ஒரு சக்கரத்தைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. மின்வாரியத்தில் வேலை. வேலை விட்டதும் ஊழியர் மன்றம். மன்றத்தில் கேரம் போர்டு. அவள் சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, அவர் பவுடர் படிந்த விரலோடு திரும்பி வருவார்.

“சொல்லை ஒடச்சுப் போட்டு ஊரையெல்லாம் பொறுக்க விடுதா பாரு. ஒனக்கு பாவமில்லியாட்டி?”

“நீங்க காயை ஒடச்சு குழியில தள்ளுதிய. நானாவது எல்லாத்தையும் பேப்பருக்கு மேலேயே வைக்கியேன்.”

இருவரும் சிரிப்பார்கள். பிறகு சோறு. பிறகு செய்திகள். அவளுக்குச் சக்கரம், அவருக்குப் போர்டு. நல்ல வாழ்க்கைதான். ஒருவர் விளையாட்டை மற்றவர் கேட்காத வாழ்க்கை.

ஆனி மழையில், ஒரு காலையில், அவர் காபி கேட்க வாய் திறந்தார். காபி வரவில்லை. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. டம்ளரை எடுக்கப்போன வலது கை மேசையிலேயே கிடந்தது, யாரோ மறந்துவிட்டுப்போன கை போல.

மருத்துவமனை. திரும்பி வந்தபோது அவரிடம் ஒரே ஒரு ஒலி மிச்சமிருந்தது. “அவ்வ.” பசித்தால் அவ்வ. வலித்தால் அவ்வ. மழை சன்னல் வழியே தெறித்தால் அதுவும் அவ்வ.

தக்கலையிலிருந்து சஜிதா வருவாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். சின்னப் பெண். தலையில் முக்காடு, தோளில் ஈரக்குடை. கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுவாள்.

“பேச்சு தொண்டையில இல்ல, ஆன்ட்டி. தலைக்குள்ள, இடது பக்கம். அந்தப் பக்கம்தான் வலது கையையும் பாத்துக்கிடுது. அதான் ரெண்டும் சேந்து போச்சு.”

“உள்ள வார்த்த இருக்கா? அதச் சொல்லு. வெளிய வராட்டியும் போகுது. உள்ள இருக்கா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாக்கணும், ஆன்ட்டி.”

அன்று முதல் வயலட்டுக்கு அது ஒன்றுதான் வேண்டும். அவருக்குள் ஒரு சொல். வெளியே வர வேண்டாம். உள்ளே இருந்தால் போதும். இருட்டறையில் ஒரு பொருள் கிடந்தாலே அந்த அறை காலி அறை ஆகாது.

சஜிதா எழுத்து அட்டைகளைக் கொண்டு வந்து மேசையில் பரப்பினாள். தேவசகாயத்தின் இடது கைக்கு அவை பிடிபடவில்லை. மெல்லிய அட்டை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். நகம் வழுக்கும். அவர் அழுவார்.

தடிமனாக ஏதாவது வேண்டும். விளிம்பு வேண்டும். விரல் போய்ப் பற்ற ஒரு உயரம் வேண்டும். வயலட் வீடெல்லாம் தேடினாள். பொத்தான் சிறியது. பாட்டில் மூடி குழிவானது. அலமாரியின் மேல்தட்டில், ஒரு தகர டப்பாவில், கேரம் காய்கள் இருந்தன.

ஒன்பது வெள்ளை. ஒன்பது கறுப்பு. ஒரு சிவப்பு. வழுவழுப்பான மரம். கைக்கு அடக்கமான கனம்.

காயைவிடச் சற்றுச் சிறிய வட்டமாகக் காகிதம் வெட்டினாள். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினாள். ஓரத்தில் நிறம் தெரிந்தது, நடுவில் எழுத்து.

எந்தப் பத்தொன்பது எழுத்து? அவள் யோசிக்கவே இல்லை. விரல்கள் தேர்ந்தெடுத்தன. ழை, லை, ரை. க, கா, கை. த, தி. ட, டி. ர, ன, வ. பா. ணி. ம், ல், ள். எல்லாம் பழகும் எழுத்துகள். மூலையில் உட்காரும் எழுத்து ஒன்றுகூட இல்லை.

சிவப்புக் காய்க்கு ம.

முதல் நாள் அவர் காய்களைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் உருட்டிப் பார்த்தார். அடுத்து ஒரு மதியம், வெளியே மழை வலுத்த நேரம், இடது சுட்டுவிரலால் சிவப்புக் காயைத் தள்ளினார். தள்ளித் தள்ளி, மேசையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

நடுவில் ம.

வயலட் எழுந்து நின்றுவிட்டாள். சக்கரம். அவள் சக்கரம். ஒருநாளும் போட்டுப் பார்க்காதவர் நடு எழுத்தை நடுவில் வைக்கிறார்.

அவர் இன்னொரு காயை எடுத்து ம-வை ஒட்டி வைத்தார். அது தலைகீழாக இருந்தது. வயலட் அதை நிமிர்த்தினாள். ழை.

மழை.

சன்னலுக்கு வெளியே மழை. மேசையின் மேல் மழை. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தோளில் முகம் வைத்து அழுதாள். அவர் “அவ்வ” என்றார். அவளையே பார்த்தார். எதையோ எதிர்பார்க்கும் பார்வை. பாராட்டை எதிர்பார்க்கிறார் என்று அவள் கை தட்டினாள்.

பிறகு காய்களைக் கலைத்து, குவித்து, மறுபடி அவர் முன்னால் வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று வைங்க.

அந்த ஐப்பசியில் வீடு சொற்களால் நிறைந்தது. மலை. மணி. மதி. மரம். ஒருநாள் மடி என்று வைத்து அவள் மடியைப் பார்த்தார். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ம நடுவில் இருந்தது. சுற்றிலும் ஆறு. எந்த இரண்டை எடுத்தாலும் ஏதோ ஒன்று கூடியது. சக்கரத்தில் திசை கிடையாது. முன்னிருந்து பொருள் வராவிட்டால் பின்னிருந்து வந்தது. பின்னிருந்தும் வராவிட்டால், கையிலிருந்து நழுவியது என்று ஒரு காயைச் சற்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படித்தாள்.

சஜிதா ஒருமுறை அருகில் அமர்ந்து பார்த்தாள்.

“நீங்களே டீச்சர் ஆயிட்டீங்க, ஆன்ட்டி. நான் வேற வேல பாக்கணும் போல.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஒண்ணு கேக்கட்டா? அவங்க வைக்கதுக்கு முன்ன, என்ன வைக்கப் போறாங்கன்னு சொல்லுவீங்களா?”

“அதெப்படித் தெரியும்?”

“தெரியாதுல்ல. கொஞ்சம் தேடாம பாருங்க, ஆன்ட்டி.”

தேடாமல் எப்படிப் பார்ப்பது? அவள் கண்கள் அப்படிப் பழகியவை. பேருந்துப் பலகையில் தேடும். பிஸ்கட் உறையில் தேடும். சர்ச்சில் பாட்டு எண் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் வசனத்தில் தேடும். உடைத்துப் பார்க்கும், சேர்த்துப் பார்க்கும். மூடச் சொன்னால் மூடாத கண்கள்.

அடுத்த வாரம், சிவப்புக் காயை ஒட்டி க வந்தது. அதன் பக்கத்தில் ள்.

மகள்.

அவர்களுக்கு ஒரே மகள். மெர்லின். மஸ்கட்டில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். வயலட் ஃபோனில் அவள் எண்ணை அழுத்தினாள்.

“மக்களே, அப்பா ஒன்னக் கேட்டாவ.”

“அப்பா பேசுனாவளா?”

“பேசல. வச்சாவ. மகள்னு வச்சாவ. என் கண்ணால பாத்தேன் பிள்ளே. ஒன்னத் தேடுதாவ.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு, “நான் வாரேன்மா. எப்படியாவது லீவு போட்டு வாரேன்.”

மெர்லின் வந்த அன்றும் மழை. திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்சியில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன் மண்டியிட்டாள். தேவசகாயம் அழுதார். “அவ்வ, அவ்வ” என்றார். அவள் அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

வயலட்டுக்குத் தெரியும், அவர் சிலிண்டர் கொண்டுவந்த ஆளைப் பார்த்தும் இப்படித்தான் அழுதார். இந்த நோயில் அழுகை அணையில்லாமல் வரும் என்று சஜிதா சொல்லியிருந்தாள். அதை வயலட் மகளிடம் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்தது. மேசை துடைக்கப்பட்டது. வயலட் தகர டப்பாவைக் கவிழ்த்தாள். காய்கள் மரத்தின் மேல் மரம் விழும் சத்தத்தோடு சிதறின.

“பாரு இப்ப. மூச்சு விடாமப் பாரு.”

மெர்லின் எதிரே அமர்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்றாட்டுக்கு உட்கார்ந்தவள் போல இருந்தாள்.

சிவப்பு நடுவுக்குப் போனது.

“பாத்தியா? ம. நடு எழுத்து.”

அவர் ஒரு காயை எடுத்து ஒட்டி வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. இடது கை மெதுவாக நகர்ந்தது. ஆனால் தயங்கவில்லை.

“மலை,” என்றாள் வயலட். “மலை வச்சாவ பாத்தியா? இஞ்ச பாரு, மதி. இது மரம். ர இந்தப் பக்கம் கெடக்கு, ம் அந்தப் பக்கம்.”

“ட தலகீழாக் கெடக்கே.”

“அத நிமித்திக்கிடலாம்.”

மெர்லின் தாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை வாயிலிருந்து எடுத்தாள். “அப்பா,” என்றாள். “மகள் வைங்கப்பா. நான் வந்திருக்கேம்லா. மகள்.”

அவர் குவியலைத் துழாவினார். ள் கைக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார். போட்டுவிட்டார். மறுபடி துழாவினார். மறுபடி ள். மறுபடி போட்டார். வேறொரு காயை எடுத்து, அதைக் கொண்டுபோய் வளையத்தில் பொருத்தினார்.

“களைச்சுப் போனாவ,” என்றாள் வயலட். “நீ வந்த பதட்டம். நாளைக்குப் பாப்போம்.”

மெர்லின் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தை அல்ல. ஓரத்தை. வெள்ளை, கறுப்பு. வெள்ளை, கறுப்பு. வெள்ளை, கறுப்பு. நடுவில் சிவப்பு.

ள் ஒட்டிய காய் வெள்ளை. அந்த இடத்துக்குக் கறுப்பு வேண்டியிருந்தது.

“அம்மா,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. “ஒரு நிமிசம்.”

காய்களைக் கலைத்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எழுத்து கீழே போனது. மேலே வெறும் மரம் வந்தது.

“என்ன செய்ய பிள்ளே? எழுத்து தெரியாண்டாமா?”

“தெரியாண்டாம். பாரும்மா.”

தேவசகாயம் பார்த்தார். காகிதம் இல்லாத காய்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது, தூசி தட்டிய கண்ணாடி போல. கை முன்னைவிட விரைவாக நகர்ந்தது.

சிவப்பு. சுற்றி ஆறு. அதைச் சுற்றி இன்னொரு வளையம். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. கடைசிக் காயையும் வைத்தார். உள்ளங்கையின் ஓரத்தால் சுற்றிலும் தட்டி, இடைவெளியில்லாமல் இறுக்கினார்.

பிறகு கையை இழுத்துக்கொண்டார். சுட்டுவிரலைப் பெருவிரலில் மடக்கினார். வெறும் காற்றைச் சுண்டினார்.

வயலட்டைப் பார்த்தார். “அவ்வ.”

“கேரம்மா,” என்றாள் மெர்லின். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. “சின்னதுல மன்றத்துல அப்பா பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ஆட்டம் தொடங்க இப்படித்தான் அடுக்குவாவ. அப்பா எழுத்த பாக்கவே இல்ல. காயப் பாத்திருக்காவ.”

“அப்ப மழை?”

“அது நீ படிச்சது.”

“ம-வ நடுவுல வச்சாவளே.”

“நீ ம-வ எதுல ஒட்டுன? சிவப்புலல்லா ஒட்டுன. சிவப்பு எங்கம்மா இருக்கும்? நடுவுலதான் இருக்கும்.”

வயலட் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. கேட்டாள். “மகள்?”

மெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சன்னல் பக்கம். “அதுவுந்தான்.”

“பேப்பருக்குப் போடுத மாதிரி அப்பாவுக்கும் சக்கரம் போட்டிருக்கம்மா நீ,” என்றாள் மெர்லின், இன்னும் திரும்பாமல். “ஒன் எழுத்த எப்படிக் கொட்டுனாலும் வார்த்த விழும். பூனய விட்டு உருட்டச் சொன்னாலும் மழைன்னு விழும்.” பிறகு திரும்பினாள். “அப்பா ஆள் கூப்பிட்டிருக்காவ. அடுக்கி வச்சிட்டு ஒன்னப் பாத்திருக்காவ. ஆட வா, ஆட வான்னு. நீ என்னடான்னா கையத் தட்டிட்டு, எல்லாத்தையும் கலச்சுக் குவிச்சு, திரும்ப அடுக்கச் சொல்லியிருக்க.”

அவர் இன்னும் வயலட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ எதிர்பார்க்கும் பார்வை.

அதே பார்வை. ஒவ்வொரு முறையும் அதே பார்வை.

சொற்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மலை அணைந்தது. மணி அணைந்தது. மரம், மதி, மடி. கடைசியாக மழை. தெரு முழுக்க மின்சாரம் போகும்போது ஒரு வீடு, அடுத்த வீடு என்று இருள் நடந்து வருமே, அப்படி. சுவிட்சைப் போட்டவளும் அவள்தான். விளக்கு எரிகிறது என்று நம்பியவளும் அவள்தான்.

மறுநாள் சஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் ஆச்சரியப்படவில்லை. குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“நிறம் தெரியுது. வரிச தெரியுது. தன் முறை எது, அடுத்தவங்க முறை எதுன்னு தெரியுது. அதுவே நெறய, ஆன்ட்டி.”

“நான் கேட்டது அதில்ல.”

சஜிதா மேசையைப் பார்த்தாள். “வார்த்த வராமலே போகலாம், ஆன்ட்டி. இவ்வளவு நாள்ல துளிகூட அசையல. நான் வந்துட்டேதான் இருப்பேன். ஆனா நீங்க அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காதீங்க.”

வயலட் தலையாட்டினாள். தலையாட்டுவது எளிது. அதற்குச் சொல் தேவையில்லை.

மெர்லின் புறப்படும் நாளில் மழை விட்டிருந்தது. வெளிறிய வெயில். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். டாக்சி தெருமுனை திரும்பும்வரை கையசைத்தாள். அவள் எதற்காக வந்தாளோ அது இல்லாமலே திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சக்கரம் வழக்கம்போல் பத்திரிகைக்குப் போயிற்று. நீண்ட சொல்லை எடுத்து உடைக்கும்போது வயலட்டின் கை மெதுவாகத்தான் நகர்ந்தது. உடைந்ததை யாராவது சேர்த்துவிடுவார்கள் என்பது அவளுக்கு எப்போதும் ஒரு நிச்சயமாக இருந்தது. இப்போது இல்லை.

ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினாள். காய்களைப் போட்டாள். பசை இளகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காகிதம் முதலில் ஓரத்தில் சுருளும். பிறகு நடுவில் உப்பும். பிறகு தானே கழன்று மேலே மிதக்கும்.

எழுத்துகள் மிதந்தன. கா. டி. ரை. ள். ஒன்றையொன்று தொட்டன, விலகின. அவள் கண்கள் தேடத் தொடங்கின. கரண்டியால் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் குப்பையில் போட்டாள்.

காய்களை ஒரு துண்டில் பரப்பி உலர்த்தினாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து போர்டை இழுத்தாள். கனமாக இருந்தது. சன்னல் அருகே, மேசையின் மேல் ஏற்றினாள். பவுடர் தூவித் துணியால் தேய்த்தாள். தேவசகாயம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி நிமிர்ந்து அவள் பார்த்தே வெகுநாளாயிற்று.

அவர் அடுக்கினார். அவள் கை தட்டவில்லை. கலைக்கவில்லை.

எதிரே உட்கார்ந்தாள். முதன்முறையாக.

காய்களை அடிக்கும் ஸ்ட்ரைக்கரை எப்படிப் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கிக் காட்டினார். அவள் மடக்கினாள். சுண்டினாள். நகம் வலித்தது. வளையம் உடைந்து, காய்கள் நாலாபுறமும் சிதறின.

சிதறிய காய்களில் அவள் கண் ஓடியது. பழக்கம். வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, சிவப்பு. ஒன்றுமில்லை. படிக்க ஒன்றுமே இல்லை.

அவருடைய முறை. இடது விரலுக்கு வலுவில்லை. ஸ்ட்ரைக்கர் இரண்டு அங்குலம் போய் நின்றது. மன்றத்தில் ஒரே முறையில் போர்டைக் காலி செய்த மனிதர். நின்ற ஸ்ட்ரைக்கரைப் பார்த்தார். “அவ்வ,” என்று அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அடித்தாள். எதற்கோ குறி வைக்க, வேறெங்கோ இருந்த ஒரு வெள்ளைக் காய் உருண்டு மூலைக் குழிக்குள் விழுந்தது. அவளே திடுக்கிட்டாள். எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தன்னுடையது. தான் ஜெயித்தது.

காய் போட்டவருக்கு இன்னொரு முறை உண்டு. இன்னொரு முறை அடித்தாள். ஸ்ட்ரைக்கர் போர்டின் மரச்சட்டத்தில் மோதி, திரும்பி, நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

தேவசகாயம் இடது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே. விரல்கள் விரிந்து. அவள் முகத்துக்கு நேரே.

வயலட் அந்தக் கையைப் பார்த்தாள். நீட்டிய கை. ஆனி மழைக்குப் பிறகு அவர் தானாக அவள் பக்கம் கை நீட்டுவது இதுதான். அவள் தன் கையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். கண் நிறைந்தது.

அவர் அவள் கையை ஒதுக்கினார்.

கோபமில்லை. அன்பும் இல்லை. மேசையில் கிடந்த ஒரு பொருளை நகர்த்துவது போல நகர்த்தினார். மறுபடி உள்ளங்கையை நீட்டினார். “அவ்வ.” அவள் பக்கத்தில் இருந்த வெள்ளைக் காயை நோக்கித் தாடையை அசைத்தார்.

அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஃபைன். ஜெயித்த காய் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது போர்டுக்குத் திரும்பிப் போகும். அது சட்டம்.

சட்டம் நினைவிருக்கிறது அவருக்கு. வயலட் என்ற பெயர் நினைவிருக்கிறதா, தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

அவள் காயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. அவர் முன்னால் சாய்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு அந்தக் காயைப் போர்டின் நடு வட்டத்தில் வைத்தார். சற்று நகர்த்தினார். சரியாக நடுவில்.

வெளியே மறுபடி சாரல் பிடித்திருந்தது. சன்னல் வழியே வந்த மங்கிய ஒளி, பவுடர் படிந்த மரத்தின் மேல் பரவிக் கிடந்தது.

இப்போது அவருடைய முறை. அவர் விரலை மடக்கினார். வயலட் ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளிவிட்டு, காத்திருந்தாள்.